பதினாலாம் கட்டமும் என் ரப்பர் ஸ்டாம்பும்

டைம் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாக எழுதித் தர வேண்டும், புதியவர்களுக்குப் பயன்படும் என்று நம் யார்டிலிருந்து போன் வந்தது. என்ன எழுதுவது என்று கேட்டேன். "உங்க சாதனைகளை எழுதுங்க மேடம்" என்றது அந்தக் குரல். இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆள் சேர்த்தவளுக்கு முதுகுவலியைத் தவிர வேறென்ன சாதனை? அதனால் நான் செய்த தப்பை எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உதவும். அடுத்தவர் சாதனையைப் படித்து யாரும் உருப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர் பெட்டிகள் திருவொற்றியூரைத் தாண்டி நம் யார்டுக்கு வந்து அடுக்கப்படுகின்றன. அடுக்க, இறக்க, திறக்க, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களைப் படிவம் எழுதிச் சேர்ப்பது நம் வேலை. நான் இருந்த காலத்தில் திங்கட்கிழமை காலையில் கான்ட்ராக்டரின் மேஸ்திரி இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் ராயபுரத்தில் ரயில் பிடித்து, திருவொற்றியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு உள்ளே நுழையும்போதே வரிசை கேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். கேட்டுக்கு வெளியே டிரெய்லர்களின் வரிசை, உள்ளே மனிதர்களின் வரிசை. எதுவும் நகராது.

படிவத்தில் பதினெட்டு கட்டங்கள். பெயர், ஊர், இரத்த வகை என்று போய், பதினாலாவதில் இப்படிக் கேட்டிருக்கும்: உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா, தண்டனை பெற்றதுண்டா? இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட அதற்கு "உண்டு" என்று சொன்னதில்லை. சொல்வதற்கு நான் கேட்டால்தானே? படிவம் எழுதுவது நான். "இல்லை, இல்லை" என்று நானே எழுதிக்கொண்டு போவேன். மணிக்கட்டு வலித்தது. ஒரு நாள் பாரிமுனையில் ஒரு கடைக்குப் போய் "இல்லை" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஒரே பெருமை. சனிக்கிழமை சாயங்காலம் முப்பது வெற்றுப் படிவங்களை அடுக்கிவைத்துப் பதினாலாம் கட்டத்தில் டப் டப்பென்று குத்தி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஆள் யாரென்று தெரியுமுன்பே அவன் யோக்கியன் என்று முடிவாகிவிடும். பக்கத்து யார்டிலிருந்து ஒரு அம்மா வந்து, எந்தக் கடையில் செய்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார். சிரிக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று தானாகவே விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் ஏழுமலை வந்தான். அது அவன் உண்மைப் பெயர் இல்லை. அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகு, பெயரை மாற்றி எழுதுகிறேன். இவனா அவனா என்று யார்டில் யார் முகத்தையும் உற்றுப் பார்க்காதீர்கள்.

வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவன், முப்பது வயதிருக்கும். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டத் தெரியும், அதற்குச் சான்றிதழும் வைத்திருந்தான். வரிசையில் பதினேழாவதோ பதினெட்டாவதோ ஆள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். படிவத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை எடுக்காமல் சட்டைக்குள் கையை விட்டபடி நின்றான்.

"மேடம், ஒரு நிமிசம். இந்தப் பதினாலுல..."

"இன்னாப்பா ஒரு நிமிசம்? பின்னால பாரு, லைன் கேட்டு வரைக்கும் நிக்குது. போட்டுட்டு நகரு நைனா."

கையை வெளியே எடுத்தான். கையெழுத்துப் போட்டான். நகர்ந்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்த "ஒரு நிமிசம்" அப்போதே எனக்கு மறந்துபோயிற்று.

மூன்று மாதம் ஓடியது. திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி ஹாரன் அடிப்பான் ஏழுமலை. டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் ஒரு முனை. நாள் முழுக்க எங்களுக்குத் தலைவலி. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவன் வண்டியால் ஒரு பெட்டி நசுங்கவில்லை, ஒருத்தர் கால் நசுங்கவில்லை. அவனைத் துறைமுகத்துக்குள்ளும் அனுப்பலாம் என்று மேனேஜர் சொன்னார். அதற்குப் பாஸ் வேண்டும், பாஸுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். அவன் விவரத்தை நானே அனுப்பினேன்.

அறிக்கை ஒரு புதன்கிழமை காலை வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் தெருச் சண்டை, இரும்புக் கம்பியால் அடித்து ஒருவர் கை உடைந்தது, மூன்று வருடத் தண்டனை, புழல் சிறை. படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். என்னையே ஏமாற்றிவிட்டானே என்று கொதித்தேன். அதே கொதிப்போடு பீரோவைத் திறந்து அவன் படிவத்தை எடுத்தேன். பதினாலாம் கட்டத்தில் என் ஸ்டாம்ப், கொஞ்சம் சாய்ந்து, பாதி கட்டத்துக்கு வெளியே நின்றது. அவன் சட்டைக்குள் கையை விட்டபடி நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

அதற்குள் மேனேஜருக்கும் ஒரு நகல் போயிருந்தது. தூத்துக்குடிக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கறாரானவர். ஒவ்வொருவரையும் கேட்ட பிறகுதான் நான் அந்த ஸ்டாம்பைக் குத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "கேஸ் இருந்தது ஒரு பக்கம் இருக்கட்டும்மா. இல்லைன்னு பொய் சொல்லியிருக்காரே, அதை எப்படி விடுறது? மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்க, அனுப்பிடலாம்" என்றார். நான் தலையாட்டினேன். ஸ்டாம்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வெளியே மேஸ்திரி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"இதுக்குப் போயி பேஜாராவறீங்களே மேடம்? மாத்தூர்ல எம் மச்சான் வூடு கீது. அந்த அட்ரஸ் போட்டு புது ஃபாரம் அனுப்பிடுங்க. அங்க ஸ்டேசன்ல இவன் மேல ஒண்ணியும் இருக்காது. ரிப்போர்ட்டு வந்தது வேற ஏழுமலைன்னு சொல்லிக்கலாம். ஊரெல்லாம் ஏழுமலைதானே!"

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. புதுப் படிவம் என்றால் பழையது கிழியும், பழையது கிழிந்தால் என் ஸ்டாம்பும் அதோடு போய்விடும். என் மனம் அதைத்தான் கணக்குப் போட்டது. ஒருத்தனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெயிலில் அவனைத் தேடிப் போனேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்புகிறவர்களுக்கு அடுத்தவர் மேல் எங்கிருந்துதான் அத்தனை கருணை வருமோ!

ஏழுமலை ஒரு கன்டெய்னர் நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடினான்.

"வந்துட்ச்சா மேடம்?" என்றான்.

மேஸ்திரி சொன்னதை அப்படியே சொன்னேன். மாத்தூர் அட்ரஸ், புதுப் படிவம், வேறொரு ஏழுமலை. மூன்று மணிக்குள் எழுதிவிடலாம் என்றேன். அவன் முழுவதும் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"எனக்கு இன்னொரு ஏழுமலை வேணாம் மேடம். கீற ஒருத்தனையே வெச்சிக்க முடியல."

"வேலை போய்டும்ப்பா. புரியுதா உனக்கு?"

"புரியாம இன்னா? ஜெயில்லேந்து வந்ததும் யானைக்கவுனில ஒரு குடோன்ல வேலை செஞ்சேன். மொதலாளி கேக்கல, நானும் சொல்லல. எட்டு மாசம். போலீஸ் பைக்கு தெருவுல திரும்புனாலே போதும், மொளகா மூட்டைக்குப் பின்னால போயி குந்திக்குவேன். தும்மலு வரும், வாயப் பொத்திக்கினு அடக்குவேன். ஒரு நாளு அடக்க முடியல, தும்மிட்டேன். போலீஸ்காரரு எட்டிப் பாக்கறாரு, மொதலாளி எட்டிப் பாக்கறாரு. ஏன்டா அங்க குந்திகினு கீறன்னு கேட்டா இன்னா சொல்றது? அப்பால பாத்தா, அந்தப் போலீஸ்காரரு குடிக்கத் தண்ணி கேக்க வந்தவரு மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மறுநாளு நானே வேலைய வுட்டு நின்னுட்டேன். தின்ன சோறு ஒரு நாளும் ஒட்டல. இங்க சேர வர்றப்போ எஞ்சம்சாரம் கையில அடிச்சி சத்தியம் பண்ணிக்கினு வந்தேன், சொல்லிட்டுத்தான் சேருவேன்னு."

எழுந்து போய் ஃபோர்க்லிப்ட்டின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தான். உள்ளே தீர்ப்பின் நகல், சிறை விடுதலைச் சான்று, சிறைக்குள் வேலை கற்றதற்கு நன்னடத்தைக் கடிதம் ஒன்று. மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"மொத நாளு சட்டைக்குள்ள கொணாந்தேன். அப்பால இங்க வெச்சிட்டேன். யாருனா கேப்பாங்க, கேட்டா எடுத்துக் குடுக்கலாம்னு. மூணு மாசமா இது மேலதான் குந்தி ஓட்டிகினு கீறேன்."

என் ஸ்டாம்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் அவன் நின்றான், நான் கதவோரம் நின்றேன். மேனேஜர் படிவத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"இங்க இல்லைன்னு இருக்கு. ஏன் பொய் சொன்னீங்க?"

ஏழுமலை தலையைத் திருப்பி ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான்.

"கையெழுத்து என்னுது சார். படிக்கத் தெரியாதவன் இல்ல. படிச்சிட்டுத்தான் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். மேனேஜர் பேனாவைத் திறந்து நீக்கல் கடிதத்தை எழுதத் தொடங்கினார். எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது. வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தார். இந்த நாற்காலி போனால் இன்னொரு நாற்காலி கிடைக்கிற வயதில்லை. எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் நின்றேன் என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் தேதி எழுதி, பெயர் எழுதி, ஊர் எழுதி முடிக்கும்வரை நின்றேன்.

பிறகு என் மேஜைக்குப் போய் ஸ்டாம்பையும், போன சனிக்கிழமை குத்தியதில் மீந்திருந்த படிவக் கட்டையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இது இன்னும் பேர் எழுதாத ஃபாரம். யாரு வரப்போறாங்கன்னு எனக்கே தெரியாது. பதினாலைப் பாருங்க."

அவர் ஒன்றைப் புரட்டினார். இரண்டைப் புரட்டினார். எல்லாவற்றிலும் "இல்லை".

"அவரு சொல்லத்தான் சார் வந்தாரு. ஒரு நிமிஷம்னு கேட்டாரு. நான் குடுக்கலை. இன்னைக்கு மத்தியானம் அட்ரஸை மாத்தி எழுதலாம்னு சொன்னதும் நான்தான். அவரு மாட்டேன்னுட்டாரு."

மேஸ்திரி பேரை நான் இழுக்கவில்லை. யோசனை அவருடையது என்றாலும், அதைச் சுமந்துகொண்டு போனது என் கால்கள்தானே.

மேனேஜர் என்னைத் திட்டினார். அந்த வயதில் யாரிடமும் அப்படித் திட்டு வாங்கியதில்லை. திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, ஏழுமலையிடம் கையை நீட்டினார். அவன் கவரைக் கொடுத்தான். தீர்ப்பின் கடைசிப் பக்கம் வரை படித்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

"குடிச்சிருந்தீங்களா அன்னைக்கு?"

"ஆமா சார். இப்ப இல்ல."

"அந்த ஆளு?"

"நல்லாகீறாரு சார். கை முழுசா மடங்காது. வருசத்துக்கு ஒரு தபா போயி பாப்பேன். மொத ரெண்டு வருசம் கதவத் தொறக்கல."

மேனேஜர் காகிதங்களைக் கவருக்குள் வைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுதிய கடிதத்தை நான்காகக் கிழித்தார். "எனக்கு மேல தலைமை அலுவலகம் இருக்கு, உள்ளதைச் சொல்லிடுறேன். துறைமுகப் பாஸ் இப்ப கிடையாது. முத்திரை வெச்ச சரக்கு இருக்கிற ஷெட்டுக்குள்ளயும் விட முடியாது, அது வாடிக்கையாளர் போட்ட விதி. காலிப் பெட்டி யார்டுல ஓட்டுங்க. ஆறு மாசம் பார்ப்போம். முதல்ல ஒரு புது ஃபாரம் எழுதுங்க. நீங்களே எழுதணும்" என்றார். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்தது உண்மையாகக் கிடைத்தது. அந்த மனிதரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஏழுமலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எழுதினான். பதினாலாம் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினான். "உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சண்டையில் ஒருவர் கையை உடைத்தேன். மூன்று வருடம் ஜெயிலில் இருந்தேன். அதற்குப் பிறகு எதுவும் இல்லை." எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மகள் கேலி செய்வாள். செய்யட்டும், அதைவிட மலிவாக நான் தப்பித்திருக்க முடியாது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால், அதுதான் இல்லை. அடுத்த திங்கட்கிழமையே இன்னொரு கூத்து செய்தேன். ஸ்டாம்ப் போய்விட்டது, இனி கேட்டுத்தானே எழுத வேண்டும்? வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்து, "கேஸு கீஸு எதுனா கீதாப்பா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். முதல் நாலு பேர் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். ஐந்தாவது ஆள், நரை விழுந்தவர், பின்னால் நின்றவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இதோ வந்துடறேன்" என்று வரிசையை விட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை. கேட்காமல் ஒருவனைப் பொய்யனாக்கினேன், கத்திக் கேட்டு ஒருவரைத் துரத்தினேன். அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு நாற்காலி போட்டேன். கதவைச் சாத்திவிட்டு ஒருவர் ஒருவராகக் கேட்டேன். இப்போது நீங்கள் "நேர்காணல் அறை" என்று போர்டு மாட்டியிருக்கிறீர்களே, அதுதான். அந்த அறையில் உட்காரும்போது சிலதை மனதில் வையுங்கள். இந்த வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள். ஒருத்தன் வாழ்க்கையைக் கிண்டிப் பார்க்க யாரும் உங்களுக்குச் சம்பளம் தருவதில்லை. வந்தவர் தடுமாறினால் பேனாவைக் கீழே வையுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதற்கப்புறம் என்ன செய்தார் என்ற மூன்றும் போதும். காகிதம் இருந்தால் வாங்கிப் பார்த்து அப்போதே திருப்பிக் கொடுங்கள். குற்றமில்லை என்று விடுதலையா, வழக்கு நடக்கிறதா, தண்டனையா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றையும் ஒரே கூடையில் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தெரிந்துகொண்டது டீக்கடைக்குப் போகக் கூடாது, முக்கியமாக மேஸ்திரி காதுக்குப் போகவே கூடாது. முடியாத வேலை என்றால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று இழுத்தடிக்காதீர்கள்.

வேலை தேடி வருகிறவர்களிடமும் இதையே சொல்லுங்கள். போலீஸ் சான்றிதழைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்று கேட்டுக்கு வெளியே நிற்கிற புரோக்கரை நம்பவேண்டாம். வேலையும் போகும், புதுசாக ஒரு கேஸும் வரும். வரிசையில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, சொல்ல வேண்டிய ஆளிடம், கேட்டதற்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எல்லா இடத்திலும் கதவு திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். திறந்த இடத்தில் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்காது.

ஆறு மாதம் ஒரு வருடமானது, வருடம் நாலானது. ஏழுமலை ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். நான் ஓய்வு பெற்ற நாளன்று மாலையும் சால்வையும் முடிந்து ஆட்டோவுக்கு நின்றபோது, என் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தான். நாலு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏம்ப்பா, அன்னிக்கு மேனேஜர் ரூம்ல என்னைக் கைகாட்டியிருக்கலாமே? இந்தம்மாதான் கேக்காமலே ஸ்டாம்ப் குத்துச்சுன்னு சொல்லியிருந்தா உன் வேலை அப்பவே பிழைச்சிருக்கும். ஏன் சொல்லலை?"

அவன் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"நீங்களே சொல்வீங்களான்னு பாத்துகினு இருந்தேன் மேடம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் ஊரு பேரு எழுதுற வரைக்கும் வாயைத் திறக்கலையேப்பா" என்றேன்.

ஆட்டோ வந்து நின்றது. பையை உள்ளே வைத்துவிட்டுச் சொன்னான்:

"மூணு மாசம் சீட்டுக்கு அடியில வெச்சுகினு காத்துகினு இருந்தவன் நானு. உங்களுக்கு ஒரு நிமிசம் குடுக்க மாட்டேனா மேடம்?"